சொல்லப்படாத வாக்குமூலம்: ‘பிறீஃப் என்கவுன்டர்’ திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

கலைப்படைப்பொன்றினை அது தோன்றிய சமூகத்தின் வர்க்க உறவுகளோடு இணைத்து நோக்குதல் வேண்டும் என்பது எம்மிடையே பெரிதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். பேராசிரியர்கள் க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகியோர் வழிவந்த திறனாய்வு மரபு எமக்களித்த பெருங்கொடை அது. ஆயின், அக்கருத்தே சிலவேளைகளில் படைப்பினை முற்றாகப் பார்க்குமுன் தீர்ப்பு வழங்கிவிடுவதற்கான வசதியாகவும் அமைந்துவிடுகின்றது. டேவிட் லீன் நெறிப்படுத்திய ‘பிறீஃப் என்கவுன்டர்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தினை நண்பர்கள் சிலருடன் பார்த்து முடித்தபோது எழுந்த உரையாடல் எனக்கு இதனையே உணர்த்திற்று.

கதாநாயகியின் உச்சரிப்பைக் கேட்டுச் சிலர் இடையிடையே சிரித்தனர். “அழுவதற்கு நேரமுள்ளவர்களின் கதை” என்று நண்பரொருவர் ஒரே வாக்கியத்திற் படத்தினை ஒதுக்கினார். “காதலுக்கு வர்க்கம் ஏது?” என்று வேறொருவர் அவரை மறுத்தார். இவ்விரு கூற்றுகளும் படத்தினுள்ளே இருக்கும் ஏதோவொன்றைத் தொடுகின்றன. எனினும் இரண்டுமே படம் எங்கு ஆழமாகின்றது, எங்கு தன் எல்லையை அடைகின்றது என்பதைக் காட்டவில்லை. அவ்விரண்டையும் ஒருங்கே காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

‘சிறுபொழுதுச் சந்திப்பு’ எனத் தமிழில் நாம் குறிப்பிடக்கூடிய இப்படம் 1945 நவம்பரில் வெளிவந்தது. நோயல் கவார்ட் எழுதி 1936இல் மேடையேறிய ‘ஸ்ரில் லைஃப்’ என்னும் ஓரங்க நாடகமே இதன் மூலமாகும். லோரா ஜெசனாகச் சீலியா ஜோன்சனும், வைத்தியர் அலெக் ஹார்வியாகத் ட்றெவர் ஹவார்டும் நடித்தனர். ஒளிப்பதிவு றொபேட் கிறாஸ்கருடையது. 1946ஆம் ஆண்டுக் கான் திரைப்பட விழாவிற் பெரும் பரிசினைப் பகிர்ந்துகொண்ட படங்களுள் இதுவும் ஒன்று. லீனின் பெயர் எமது நாட்டவர்க்குப் புதியதன்று. கித்துள்கலையிற் படப்பிடிப்பு நிகழ்ந்து 1957இல் வெளிவந்த ‘த பிறிட்ஜ் ஒன் த றிவர் குவாய்’ படத்தின் நெறியாளர் அவரே. பாலத்தையும் பாலைவனத்தையும் பேரளவிற் படமாக்கிய அக்கலைஞர், அதற்கு முன்னர் ஒரு பெண்ணின் முகத்தையே தம் முழுக் களமாகக் கொண்டு ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைவான இப்படத்தினை ஆக்கினார் என்பது குறிப்பிடத்தக்கது.

கதை மிக எளியது. மில்ஃபோர்ட் சந்தி என்னும் கற்பனைப் புகையிரத நிலையத்தின் மேடையில் நிற்கும் லோராவின் கண்ணிலே, விரைந்து செல்லும் கடுகதிப் புகையிரதத்திலிருந்து பறந்த துகளொன்று விழுகின்றது. சிற்றுண்டிச்சாலையில் இருந்த அந்நியரொருவர், தாம் ஒரு வைத்தியரெனக் கூறி, கைக்குட்டையின் நுனியால் அதனை அகற்றுகின்றார். இருவரும் திருமணமானவர்கள், இருவருக்கும் பிள்ளைகள் உண்டு. அடுத்துவரும் சில வியாழக்கிழமைகளில் அவர்கள் சந்திக்கின்றனர், உணவு உண்கின்றனர், படம் பார்க்கின்றனர், படகு விடுகின்றனர், காதல் கொள்கின்றனர். நண்பரொருவரின் வெறுமையான வீட்டில் அவர்கள் தனித்திருக்க முயலும்போது அந்நண்பர் திரும்பிவிட, லோரா பின்வாயிலால் மழையில் ஓடுகின்றாள். அலெக் தென்னாபிரிக்காவிற் பதவியொன்றை ஏற்றுப் புறப்படுகின்றார். அவள் தன் கணவனிடம் மீள்கின்றாள். இவ்வளவே.

படப்பிடிப்பு நிகழ்ந்த காலமும் கருதத்தக்கது. 1945 பெப்ரவரியில், ஐரோப்பாவில் யுத்தம் முடிவதற்கு முன்னரே, வட இங்கிலாந்தின் கார்ன்ஃபோர்த் நிலையத்தில் இரவு வேளைகளில் நிலையக் காட்சிகள் படமாக்கப்பட்டன. கதையிலோ அந்த யுத்தத்தின் சுவடு இல்லை. அது யுத்தத்துக்கு முற்பட்ட காலத்தில் நிகழ்வது. எதிர்பாராத சந்திப்புகளையும் திரும்பிவராத பிரிவுகளையும் ஆறாண்டுகளாகப் புகையிரத மேடைகளிற் கண்டிருந்த ஒரு மக்கட்கூட்டத்தின் முன்னே இப்படம் வைக்கப்பட்டது. மேடையிலே விடைபெறும் இருவரின் காட்சி அவர்களுக்கு வெறுங் கற்பனையாய் இருந்திராது.

2

கவார்டின் நாடகத்தில் ஐந்து காட்சிகளும் சிற்றுண்டிச்சாலையிலேயே நிகழ்கின்றன. பார்வையாளர் எல்லாவற்றையும் புறத்தே நின்று காண்கின்றனர். திரைப்படம் இதனுடன் சேர்த்த மிக முக்கியமான அம்சம் லோராவின் குரலாகும். இறுதிப் பிரிவு நிகழ்ந்த அன்றிரவு, வீட்டு வரவேற்பறையில், குறுக்கெழுத்துப் போட்டியில் ஆழ்ந்திருக்கும் கணவன் பிறெட்டின் எதிரே அவள் அமர்ந்திருக்கின்றாள். அவனுக்கே முழுக் கதையையும் கூறுகின்றாள். ஆனால் மனத்தினுள் மட்டுமே. ஒரு சொல்லேனும் வாய்விட்டு வெளிவருவதில்லை. ஆகவே இப்படம் முழுவதும் நிகழாத ஒரு வாக்குமூலமாகும். கேட்கவேண்டியவன் ஒரு சில அடி தூரத்தில் இருக்க, கேட்பவர் நாமாக உள்ளோம்.

அவள் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியும் பார்க்கின்றாள் என்பதை நாம் மறத்தலாகாது. அலெக்குடன் முதன்முதலில் உணவருந்திப் படம் பார்த்துத் திரும்பிய நாளன்று, மகன் வாகனமொன்றில் மோதுண்டு படுத்திருக்கக் காண்கின்றாள். காயம் சிறிதே எனினும் அதனைத் தனக்குரிய தண்டனையாகவே கருதுகின்றாள். அன்றிரவு, முன்பின் அறியாத ஒருவருடன் உணவருந்தியதையும் படம் பார்த்ததையும் கணவனிடம் கூறிவிடுகின்றாள். குறுக்கெழுத்துச் சதுரங்களிலிருந்து மனம் முற்றாக மீளாத அவன் “நல்லது” என்ற பாங்கில் மறுமொழி கூறி, அவரை ஒருநாள் விருந்துக்கு அழைக்கலாமென அவள் சொல்வதற்கும் இசைகின்றான். அவளுக்குச் சிரிப்புப் பீறிட்டு வருகின்றது. பிறெட் கொடியவனல்லன், மனைவியிடம் அன்பும் நம்பிக்கையும் உடையவன். அந்த நம்பிக்கையே அவள் கூறியதை அவன் செவியிற் புகவிடாது தடுத்தது. கொடுமைக்காரக் கணவனொருவனைப் படைத்து நாயகிக்கு நியாயம் தேடும் மலிவான உத்தியினை இப்படம் கைக்கொள்ளாமை அதன் நேர்மைக்குச் சான்றாகும்.

தமிழிலக்கிய மாணவர்க்கு இவ்விடத்தில் அகத்திணை மரபு நினைவுக்கு வருதல் இயல்பே. முன்பின் அறியாத இருவரின் முதற் சந்திப்பினை ஊழின் செயலாகக் கொள்ளும் தொல்காப்பியக் களவியல், அச்சந்திப்பின் பின்னர் தலைவியைத் தனியே விடுவதில்லை. அவளுக்குத் தோழி ஒருத்தி உண்டு. தலைவியின் வேறுபாட்டை உணர்பவளும், தக்க தருணத்தில் அறத்தொடு நின்று அதனைச் செவிலிக்கு உணர்த்துபவளும் அவளே. லோராவுக்கோ தோழி இல்லை. இறுதி நாளிற் புகையிரதப் பெட்டியில் அவளுக்கு வாய்ப்பவள் டொலி மெசிற்றர் என்னும் ஓயாது பேசும் அறிமுகக்காரி. இவள் வம்பளப்பவளாக இல்லாது அறிவும் பரிவும் உள்ள சிநேகிதியாக இருந்திருக்கக் கூடாதா என லோரா தன்னுள்ளே ஏங்குகின்றாள். இவ்வேக்கம் அவளுடைய சமூகத்தின் மீதான கடும் விமர்சனமாகும். பெண்கள் ஒருவரையொருவர் கண்காணிக்குமளவுக்கு நெருங்கியும், ஒருவரிடமொருவர் மனம் திறக்கவியலாத அளவுக்கு விலகியும் வாழும் ஒரு நடுத்தர வர்க்கச் சிறுநகரின் வாழ்க்கை அவ்வேக்கத்திலே தெரிகின்றது. களவொழுக்கம் கற்பை நோக்கிச் செல்வது. லோராவின் உறவுக்கோ செல்லுமிடம் இல்லை. எனவே ஒப்புமையை இதற்குமேல் நீட்டுதல் பொருந்தாது. தோழி இல்லாத அந்த வெற்றிடத்திலே பார்வையாளராகிய எம்மை அமர்த்திவிடுவதே லீனின் சாதனை என்பதை மட்டும் வலியுறுத்தலாம்.

அதனை அவர் செய்துள்ள முறை உருவச் சிறப்புக்குத் தக்க எடுத்துக்காட்டாகும். படம் கதையின் முடிவிலேயே ஆரம்பிக்கின்றது. சிற்றுண்டிச்சாலையின் தலைவியான மேர்ட்டில் பாகொற்றும் பயணச்சீட்டுப் பரிசோதகர் அல்பேட் கொட்பியும் கேலி பேசிக்கொண்டிருக்கின்றனர். மூலையில் ஓர் ஆணும் பெண்ணும் அமர்ந்திருக்கின்றனர். டொலி வந்து பேச ஆரம்பிக்கின்றாள். அந்த ஆண் எழுந்து, பெண்ணின் தோளில் ஒருகணம் கைவைத்துவிட்டுப் போகின்றார். நாம் அதனைக் கவனித்தும் கவனியாதவராய் இருக்கின்றோம். படத்தின் முடிவில் அதே காட்சி மீண்டும் வருகின்றது. இப்போது அது அவர்கள் வாழ்நாளிலே தனித்திருக்கும் கடைசி நிமிடங்களென்பதும், டொலியின் வரவு அவற்றைப் பறித்துவிட்டதென்பதும், தோளிற் பட்ட கை ஒரு வாழ்நாளுக்கான விடைபெறல் என்பதும் எமக்குத் தெரியும். முதன்முறை டொலியைப் போலவே நாமும் ஏதும் அறியாது அந்த மேசையருகே இருந்தோம். எம் கண்முன்னே ஒருவர் உடைந்துபோவதை எத்தனை முறை இவ்வாறு காணாது விட்டிருப்போம் என்ற குற்றவுணர்வு எம்மைத் தொடுகின்றது. அலெக் சென்றபின், கடுகதிப் புகையிரதம் வரும் ஓசை கேட்டு லோரா எழுந்து மேடைக்கு ஓடுகின்றாள். கமரா சரிகின்றது. ஓடும் பெட்டிகளின் ஒளி அவள் முகத்தில் அடித்தடித்து மறைகின்றது. அவள் பாய்வதில்லை. அவள் செய்ய எண்ணியது என்ன என்பதை அந்தச் சரிவும் ஒளியும் எமக்குக் கூறிவிடுகின்றன.

றக்மானினொஃவின் இரண்டாவது பியானோ கொன்சேட்டோ படமெங்கும் ஒலிப்பது மிகையுணர்ச்சி எனச் சிலர் குறைகூறுவர். ஆனால் அவ்விசை லோரா தன் வீட்டு வானொலியிற் கேட்பதாகவே அமைந்துள்ளது. பிறெட் அதன் ஒலியைச் சற்றுத் தணிக்க விரும்புகின்றான். அவளது உள்ளத்திற் புயலாக எழுவது அவனுக்குக் காதை அடைக்கும் இரைச்சலாகின்றது. மிகையென நாம் கருதும் இசையையே, கேட்பவருக்கும் கேளாதவருக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்கும் கருவியாக நெறியாளர் பயன்படுத்தியுள்ளார்.

3

“அழுவதற்கு நேரமுள்ளவர்கள்” என்ற நண்பரின் கூற்றுக்கு இனி வருவோம். லோராவுக்கு எவ்வளவு நேரம் உண்டு என்பதைப் படமே கணக்கிட்டுக் காட்டுகின்றது. கிழமையில் ஒருநாள், வியாழக்கிழமை, அவள் மில்ஃபோர்டுக்கு வருவாள். பொருள்கள் வாங்குதல், நூலகத்திற் புத்தகம் மாற்றுதல், உணவு, ஒரு படம், மாலைப் புகையிரதம். இவையே அவளுக்கு உரிய பொழுது. நிலையத்து மணிக்கூடும் நேரசூசியும் படத்தில் இடையறாது எம் கண்ணிற் படுகின்றன. அவர்களது காதல் சிறுபொழுதினதாய் அமைந்தது விதியின் விளையாட்டினாலன்று. ஒரு குடும்பப் பெண்ணுக்குச் சமூகம் வழங்கிய பொழுது அவ்வளவே. அதற்குள்ளே அடங்காத உணர்ச்சி பொய்யாகவும் அச்சமாகவும் மாறவேண்டியதாகின்றது. சிநேகிதி ஒருத்தியைத் தொலைபேசியில் அழைத்துத் தன் பொய்க்குத் துணையாக்கும்போது அவள் முகத்திலே தோன்றும் அவமானம் இதற்குச் சாட்சி. ஆதலால் நண்பரின் தீர்ப்பு லோராவுக்கு அநீதி இழைக்கின்றது.

ஆயினும் அவரது கேள்வி முற்றாகத் தவறானதன்று. அதனைக் கேட்கவேண்டிய இடம் வேறு.

மூன்றாவது வியாழக்கிழமை மாலை, சிற்றுண்டிச்சாலையில், அலெக் தம் இலட்சியத்தைப் பற்றிப் பேசுகின்றார். நோய்த் தடுப்பு மருத்துவமே அவர் நாட்டம். அதிலும் குறிப்பாகத் தூசியைச் சுவாசிப்பதனால் நுரையீரலில் உண்டாகும் நோய்கள். மில்ஃபோர்ட் வைத்தியசாலை அவற்றை அவதானிப்பதற்கு மிக வாய்ப்பானது என்கிறார். அயலிலே நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ளமையே காரணம். அவர் முகம் சிறுவனுடையதைப் போல் ஒளிர்வதை லோரா காண்கின்றாள். நோய்களின் பெயர்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்கின்றார். நிலக்கரித் தூசியால் வருவது ஒன்று. உருக்காலைகளின் உலோகத் தூசியால் வருவது ஒன்று. பொற்சுரங்கங்களின் கற்றூசியால் வருவது மற்றொன்று. அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்கின்றாள். இருவர் கண்களும் ஒன்றையொன்று விட்டு விலகுவதில்லை. அந்த நோய்ப் பெயர்கள் அக்கணத்திலே காதல் மொழிகளாகிவிடுகின்றன.

நடிப்பிலும் படத்தொகுப்பிலும் இது அற்புதமான காட்சி. காதலைப் பற்றி ஒரு சொல்லும் கூறாது காதலை நிறுவும் திறம் அதிலுண்டு. ஆனால் நின்று யோசிக்கும்போது நெஞ்சு துணுக்குறுகின்றது. யாருடைய நுரையீரல்கள் அவை? அம்மனிதர் ஒருவரையேனும் படம் எமக்குக் காட்டவில்லை. நிலக்கரியால் இயங்கும் எஞ்சினிலிருந்து பறந்த ஒரு துகள் லோராவின் கண்ணில் விழுந்து ஒரு காதலைத் தொடக்கிற்று. அதே கரியின் தூசி, சுரங்கத்தினுள்ளே ஆயிரமாயிரம் தொழிலாளரின் நெஞ்சினை அடைத்து அவர்களைக் கொன்றது. முதலாவது துகளை அகற்ற ஒரு கைக்குட்டை நுனி போதுமானதாயிற்று. இரண்டாவதற்குக் கைக்குட்டை இல்லை, கதையும் இல்லை. அலெக் இறுதியிற் செல்லும் இடமோ யொகன்னஸ்பேர்க், தென்னாபிரிக்கப் பொற்சுரங்கங்களின் தலைநகர். அவர் சொன்ன மூன்றாவது தூசி அங்குதான் உள்ளது. படம் இதனை வெளிப்படையாக இணைத்துக் காட்டவில்லை. காதலர் பிரிவதற்கேற்ற தொலைவான இடம் என்பதாகவே அந்நகரின் பெயர் அங்கு ஒலிக்கின்றது. அங்கு மண்ணைக் குடையும் கறுப்பினத் தொழிலாளரைப் பற்றி எமக்கு எதுவும் கூறப்படுவதில்லை.

இதே போக்கு வேறிடங்களிலும் புலனாகின்றது. மேர்ட்டிலும் அல்பேட்டும் காதலிக்கின்றனர். பணிப்பெண் பெரிலும் மேடையிற் பண்டம் விற்கும் ஸ்ரான்லியும் காதலிக்கின்றனர். இவர்களது காதலெல்லாம் பார்வையாளர் சிரிப்பதற்கு. லோரா, அலெக் காதல் மட்டுமே அழுவதற்கு. தொழிலாளர் வர்க்கத்தினருக்குக் குற்றவுணர்வோ உட்குரலோ உண்டெனப் படம் கருதவில்லை. புகையிரதத்தில் லோரா காணும் பகற்கனவில் பாரிசு, வெனிசு என்பவற்றை அடுத்து நிலவொளியில் தென்னைமரங்கள் நிற்கும் கடற்கரை ஒன்றும் தோன்றுகின்றது. அவளுக்கு அது தப்பிச்செல்லும் கனவுலகம். எமக்கோ அது வலையிழுக்கும் மனிதரின் வேலைத்தலம். பிறெட்டின் குறுக்கெழுத்துக்குரிய சொல், கீட்ஸின் செய்யுளொன்றில் இடம்பெறும் ‘றொமான்ஸ்’ என்பது. அது ‘பலுச்சிஸ்தான்’ என்னும் சொல்லுடன் பொருந்துவதாக பிறெட் கூறுகின்றான். சாம்ராச்சியத்தின் ஒரு மாகாணம் வரவேற்பறையிலே சில எழுத்துச் சதுரங்களாகச் சுருங்கியிருந்த காலத்தின் படம் இது.

ஓரத்தில் நிற்கும் பாத்திரத்துக்கும் ஒரு கதை உண்டு என்பதற்குத் திரைப்பட வரலாறே சான்று தருகின்றது. அலெக்குக்கு வீட்டினை விட்டுக்கொடுத்த அந்த நண்பர், பிறர் காதலித்துச் சென்ற அறைக்குத் தனியே திரும்புகின்றாரே, அவர் யார் என்ற கேள்வியே தமக்கு வித்தாயிற்று என பில்லி வைல்டர் கூறியுள்ளார். 1960இல் வெளிவந்த ‘தி அபார்ட்மென்ற்’ அவ்வாறு பிறந்தது. சில நிமிடங்களே தோன்றிய ஒருவருக்கு ஒரு முழுப்படம் கிடைத்தது. அலெக்கின் நோயாளிக்கு அது கிடைக்கவில்லை.

4

அவ்வாறாயின் இப்படத்தினை நாம் ஒதுக்கிவிடலாமா? அது தவறென்றே நான் கருதுகின்றேன். இப்படத்தின் ஆற்றலும் குறைபாடும் ஒரே வேரிலிருந்து பிறப்பவை. ஒரு மனத்தினுள்ளே முற்றாகப் புகுந்து அதன் சொல்லப்படாத சொல்லைக் கேட்கச் செய்வதே இப்படத்தின் முறை. அம்முறை லோராவுக்கு நீதி வழங்குகின்றது. அவள் செவிக்கும் கண்ணுக்கும் எட்டாதவர்களை அதே முறை வெறும் பின்னணி ஓசையாக்கிவிடுகின்றது. முதலாவதைக் காணாது இரண்டாவதை மட்டும் கூறுவது வறட்டு விமர்சனம். இரண்டாவதைக் காணாது முதலாவதில் மட்டும் கரைவது இரசிகமனப்பான்மை. ரொச்செஸ்டர் நகரில் இப்படம் முன்னோட்டமாகக் காட்டப்பட்டபோது பார்வையாளர் காதற் காட்சிகளிற் சிரித்ததாக லீன் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். பல்லாண்டுகளின் பின் எம் நண்பர்களும் சிரித்தனர். சிரிப்புகள் இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இல்லாதிருக்கலாம். ஆனால் இரண்டுமே கேட்க மறுப்பதன் வெளிப்பாடுகள்தாம்.

படத்தின் இறுதிக் கணம் இதற்கு விடை தருவதாய் உள்ளது. லோராவின் மௌனக் கதை முடிகின்றது. பிறெட் எழுந்து அவள் அருகே வருகின்றான். அவள் எங்கோ வெகுதூரம் சென்றிருந்ததாகவும், தன்னிடம் திரும்பி வந்தமைக்கு நன்றி என்றும் கூறுகின்றான். அவனுக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் படம் கூறவில்லை. சொல்லப்படாததைச் சிறிதேனும் அவன் கேட்டிருக்கின்றான் என்பது மட்டும் உறுதி. அவள் அழுதுகொண்டு அவனைப் பற்றிக்கொள்கின்றாள். சமூகம் தன் உறுப்பினரை மீளக் கட்டிப்போடும் காட்சியென இதனை வாசிக்கலாம். அவ்வாசிப்பிலும் உண்மை உண்டு. ஆயினும் படமெங்கும் கேளாதிருந்த ஒருவன் கேட்கத் தொடங்கும் கணமும் இதுவே.

திறனாய்வாளன் தொடங்கவேண்டிய இடமும் இதுவெனலாம். மூலையில் அமர்ந்திருந்த இருவரை முதன்முறை நாம் காணாது விட்டோம், இரண்டாம்முறை கண்டோம். அவ்வாறு இரண்டாம்முறை பார்க்கப் பழக்கிய இப்படத்தினை நாம் மூன்றாம்முறையும் பார்ப்போமாயின், கல்லாவின் பின்னால் நிற்பவளும், மேடையிற் பண்டம் விற்பவனும், திரைக்கு வெளியே எங்கோ இருமிக்கொண்டிருக்கும் சுரங்கத் தொழிலாளியும் எம் கண்ணிலும் செவியிலும் படுவர். லோராவை அலட்சியம் செய்வதனால் அவர்களை நாம் அடைந்துவிட மாட்டோம். அவளுக்குச் செவிகொடுத்த அதே பொறுமையோடு அவர்களுக்கும் செவிகொடுப்பதே வழியாகும்.